லிவர் தானாக எழும்பினால் அடுப்பைத் திட்டாதீர்கள்

"அண்ணே, லிவர் நிக்க மாட்டேங்குது, தானா எழும்பிடுது, ஸ்பிரிங் மாத்திக் குடுங்க."

பட்டர்வொர்த்தில் கேஸ் அடுப்பு ரிப்பேர் கடை வைத்து 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு தீபாவளிக்கு முன்பும் இதே வசனத்தோடு யாராவது ஒருவர் டின் போடும் சின்ன கேஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். போன வருஷம் வந்தவர் ஒரு படி மேலே போய், டின்னை அடுப்போடு பூட்டுகிற லிவரைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார். முறுக்கு சுடப் பெரிய குவாலிச் சட்டியை ஏற்றியிருக்கிறார்கள், கொஞ்ச நேரத்தில் லிவர் எழும்பியிருக்கிறது, அழுத்தியிருக்கிறார்கள், மறுபடி எழும்பியிருக்கிறது, கடைசியில் கம்பி. பிரித்துப் பார்த்தால் அடுப்பில் ஒரு கோளாறும் இல்லை. டின் சூடாகி உள்ளே அழுத்தம் ஏறினால் அதைத் தள்ளிவிட்டு கேஸை நிறுத்துவதற்கென்றே அந்த லிவர் இருக்கிறது. அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது. நாம் போய் அதன் கையைக் கட்டிவிட்டோம்.

கேம்பிங்குக்கோ கரண்ட் போகிற நாளுக்கோ அடுப்பு வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "தீ பெருசா வருமா?" என்பதுதான். நான் டின்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முகம் மாறிவிடும். ஆனால் விஷயமே டின்னில்தான் இருக்கிறது. உள்ளே இருப்பது 220, 230 கிராம் அளவுக்கு பியூட்டேன். பூஜ்ஜியம் டிகிரிக்கே கொதிக்கிற சரக்கு, அழுத்தத்தில் திரவமாக அடைத்து வைத்திருக்கிறார்கள். 25 டிகிரியில் டின்னுக்குள் இருக்கிற அழுத்தம் 50 டிகிரியில் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். வெயிலில் கண்ணாடியை மூடி நிறுத்திய காடிக்குள் அந்தச் சூடு சாதாரணமாக வரும், அதனால் காடியின் பின்பக்கத்தில் டின்னை நிரந்தரமாக வைத்துக்கொண்டு சுற்றாதீர்கள்.

சரி, அடுப்பிலிருந்து டின்னுக்குச் சூடு எப்படிப் போகிறது? பெரும்பாலும் பாத்திரத்தால். குவாலியோ தோசைக்கல்லோ அடுப்பைவிட அகலமாக இருந்து, அடுப்பில் டின் உட்காருகிற அறையின் மூடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால், அடியில் பட்டுத் திரும்புகிற அனல் நேராக டின் மேல் இறங்கும். கடையில் நான் சொல்கிற கணக்கு சுலபமானது: பாத்திரத்தின் விளிம்பு அந்த மூடிக்கு மேலே வரக் கூடாது, அவ்வளவுதான். இதைவிட மோசமானது இரண்டு அடுப்பை ஒட்டி வைத்து மேலே ஒரே அண்டாவை ஏற்றுவது. ஒரு தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு பந்தலில் இப்படித் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, சாமி கும்பிடப் போன நான் பாதியில் நின்று சண்டை போட்டேன். என் மனைவிக்கு இன்னும் கோபம்.

காற்றுக்காக அலுமினியத் தாளைச் சுற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். தெலுக் பஹாங்கில் உள்ள பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் கெராச்சுட் கடற்கரையில் கூடாரம் போட்டவர்களுக்குத் தெரியும், கடல் காற்றில் தீ நிற்காது. அதற்காக அடுப்பைச் சுற்றி வேலி கட்டினால் டின்னும் அந்த வேலிக்குள் வேகும். பர்னரைச் சுற்றியே காற்றுத் தடுப்பு உள்ள மாடலாக வாங்குங்கள், இல்லையென்றால் காற்று வரும் பக்கம் மட்டும் பெட்டியையோ பலகையையோ கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள்.

வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது அழுத்தம் ஏறினால் தானாக நிற்கிற வசதி. இதில்லாத அடுப்பை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அடுத்து, தரத்தைச் சோதித்துச் சான்று தருகிற சிரிம் அமைப்பின் ஸ்டிக்கர். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஸ்டிக்கர் இல்லாததை வாங்கி, பிறகு என்னிடம் கொண்டுவந்து "செக் பண்ணுங்க" என்றால் நான் என்ன செய்வது? சட்டி வைக்கிற தட்டையும் கவனியுங்கள். பெட்டிக்குள் அடக்கமாக இருக்கட்டும் என்று சில அடுப்புகளில் அதைக் கவிழ்த்து வைத்துத் தருவார்கள், நிமிர்த்தாமல் பற்றவைத்தால் தீ கீழேயே திரும்பும். டின்னின் கழுத்தில் ஒரு வெட்டு இருக்கும், அது மேலே பார்த்து, அடுப்பில் உள்ள நாக்கோடு சேர வேண்டும். உள்ளே இருக்கிற குழாய் மேல்பக்கமாக வளைந்து ஆவியை மட்டும் எடுப்பதற்கான ஏற்பாடு அது. திருப்பிப் போட்டால் திரவமே பர்னருக்கு வரும், வெளியே வந்ததும் 200 மடங்குக்கு மேல் விரியும், தீ முகத்துக்கு எழும்பும். புருவம் கருகி வந்த தம்பிகளை நான் பார்த்திருக்கிறேன்.

காலி டின்னில் கேஸ் நிரப்பலாமா என்று கேட்பவர்கள் குறைவில்லை. வீட்டு கேஸ் தோம்பிலிருந்து, அதாவது சிலிண்டரிலிருந்து, பிடிக்கிற இணைப்பு இணையத்தில் விற்கிறது, எனக்கும் தெரியும். தோம்பில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேனின் அழுத்தம் பியூட்டேனைப்போல மூன்று நான்கு மடங்கு. டின் தகடோ மெலிசு, ஒரு தடவைக்கென்று செய்தது. மிச்சமாகிற காசு சில வெள்ளி. வேண்டாம் லா.

மலையேறுகிறவர்களுக்குத் திருகி மாட்டுகிற குட்டை டின் அடுப்பு இருக்கிறது. எடை குறைவு, கலவை வாயு என்பதால் குளிரிலும் தடுமாறாது. கினபாலு மாதிரி இடத்துக்கு அதுதான் சரி, ஆனால் விமானத்தில் டின்னை ஏற்ற விடமாட்டார்கள், அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அது ஒத்துவராது, பெரிய சட்டியை வைத்தால் சாய்ந்துவிடும். கேமரன் மலைக் குளிருக்குச் சாதாரண டின்னே போதும், தீ கொஞ்சம் சோர்ந்து எரியும், அவ்வளவுதான்.

இப்போது கரண்ட் போகிற கதை. 2017 நவம்பரில் பினாங்கைப் புயல் மழை புரட்டிப்போட்டபோது என் கடையில் இருந்த சின்ன அடுப்பெல்லாம் ஒரே நாளில் தீர்ந்தது. வாங்கியவர்களில் பாதிப் பேர் வீட்டில் கேஸ் தோம்பு வைத்திருப்பவர்கள்! தோம்பு அடுப்புக்குக் கரண்ட் எதற்கு? பற்றவைக்கிற பட்டன் வேலை செய்யாவிட்டால் நெருப்புக்குச்சி இருக்கிறது. சின்ன அடுப்பு உண்மையில் தேவைப்படுவது இண்டக்‌ஷனை மட்டும் நம்பியிருக்கிற அடுக்குமாடிக்காரர்களுக்கும், வெள்ளத்தில் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியவர்களுக்கும்தான். முழுத் தீயில் ஒரு டின் ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். மூடி போட்டுச் சமைத்தால் ஒரு டின்னில் ஒரு டஜன் லிட்டர் தண்ணீராவது கொதிக்கவைக்கலாம். இரண்டு நாளுக்கு நான்கு பேர் என்றால் மூன்று நான்கு டின் போதும், பெட்டி பெட்டியாக அடுக்காதீர்கள்.

மழை என்று கதவு ஜன்னலெல்லாம் அடைத்துக்கொண்டு எரிக்கிறார்களே, அதுதான் எனக்குப் பயம். எரிகிற எதுவும் காற்றில்லாத இடத்தில் கார்பன் மோனாக்சைடு விடும், வாசனை இல்லை, நிறம் இல்லை. தலை வலிக்கும், சுற்றும், வாந்தி வரும், சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது அடுப்பை அணைத்து எல்லாரையும் வெளியே கொண்டுபோவது, அப்புறம் 999. கூடாரத்துக்குள் அடுப்பு கூடவே கூடாது, கரி அடுப்பு அதைவிட மோசம், தீ அணைந்ததாகத் தெரிந்தாலும் கங்கு விட்டுக்கொண்டே இருக்கும். கேஸ் கசிந்தாலும் மேலே போகாது. காற்றைவிட இரு மடங்கு கனம், தரையோடு படிந்து நிற்கும். வாசனை வந்தால் ஸ்விட்சைத் தொடாமல் கதவைத் திறந்துவிடுங்கள்.

சமைத்து முடித்ததும் டின்னைக் கழற்றி வையுங்கள். வருஷக்கணக்கில் ஸ்டோரில் கிடந்த அடுப்பாக இருந்தால், டின் சேர்கிற இடத்தில் உள்ள ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கலாம். நகத்தால் அழுத்திப் பாருங்கள், கல் மாதிரி இருந்தால் எடுத்து வாருங்கள், பத்து நிமிஷ வேலை. தீபாவளி வாரத்தில் மட்டும் வராதீர்கள், கடைக்கு முன்னால் இருக்கிற அஞ்சடி நடைபாதையில்கூட நிற்க இடம் இருக்காது.