ஐந்து சாக்ஸபோன், ஒரே தொண்டை

ஜாஸ் இசையின் பெரிய வாத்தியக் குழுவுக்கு பிக் பேண்ட் என்று பெயர். அதன் கச்சேரியில் ஒரு கட்டம் வரும். அதுவரை முழங்கிக்கொண்டிருந்த ட்ரம்பெட்டுகளும் ட்ராம்போன்களும் ஓய்ந்துவிட, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஐந்து சாக்ஸபோன்காரர்கள் எழுந்து நிற்பார்கள். வேகமாக, நெளிந்து நெளிந்து ஓடும் ஒரு மெட்டை ஐவரும் சேர்ந்து வாசிப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஐந்து பேர் இருப்பதே தெரியாது. உடம்பு பெருத்த ஒற்றைச் சாக்ஸபோன் ஒன்று தனியாவர்த்தனம் செய்வது போலிருக்கும். இதற்குச் 'சாக்ஸ் சோலி' என்று பெயர்.

ஐவரும் ஒரே சுரத்தையா வாசிக்கிறார்கள் என்றால், இல்லை. மற்றவர்கள் முதல் ஆளின் மெட்டுக்குக் கீழே வெவ்வேறு சுரங்களைப் பிடித்துக்கொண்டு, அது ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்கி, நிழல் மாதிரி கூடவே ஓடுகிறார்கள். எந்தச் சுரத்துக்குக் கீழே எந்தச் சுரம், எவ்வளவு தள்ளி, யார் கையில் என்று முன்கூட்டியே தாளில் எழுதிவைப்பவர் அரேஞ்சர். அவர் சரியாக எழுதினால் ஐந்து பேர் ஒருவராகிறார்கள். தப்பாக எழுதினால் ஐந்து பேரும் ஐந்து பேராகவே இருப்பார்கள், அதுவும் சண்டை போட்டுக்கொண்டு.

மேடையில் யார் யார் என்று முதலில் பார்த்துவிடலாம். வழக்கமான பிக் பேண்டில் 17 பேர். ஆல்ட்டோ சாக்ஸபோன் இரண்டு, அதைவிடப் பெரிதாகத் தாழ்ந்து ஒலிக்கும் டெனர் சாக்ஸபோன் இரண்டு, அதையும்விடத் தாழ்ந்த பாரிடோன் ஒன்று. பின்னால் ட்ராம்போன் நான்கு, ட்ரம்பெட் நான்கு. அப்புறம் பியானோ, கிட்டார், பாஸ், டிரம்ஸ். இந்தப் படையை அணி அணியாகப் பிரித்து, சாக்ஸபோன் பக்கம் ஒன்று கேட்டால் பித்தளைப் பக்கம் (ட்ரம்பெட்டும் ட்ராம்போனும்) பதில் சொல்வது என்ற பேச்சுமுறையை 1920-களில் நியூயார்க்கில் வளர்த்தெடுத்தவர்கள் ஃப்ளெட்சர் ஹெண்டர்சனும் அவர் குழுவின் அரேஞ்சர் டான் ரெட்மனும். பிற்பாடு ஹெண்டர்சனின் அரேஞ்ச்மென்ட்களை, சொந்தக் குழு வைத்திருந்த கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மன் வாங்கி வாசித்தார். 1935 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸின் பாலோமர் நடன அரங்கில் கூட்டம் ஆர்ப்பரித்தது அந்தப் பாட்டுகளுக்குத்தான். பிக் பேண்ட் நடன இசை கோலோச்சிய ஸ்விங் காலம் அந்த இரவில்தான் தொடங்கியது என்று சொல்வார்கள். ஆரவாரம் குட்மனுக்கு, உழைப்பு ஹெண்டர்சனுடையது. அரேஞ்சர் வேலை பெரும்பாலும் அப்படித்தான்.

சரி, தாளில் என்னதான் எழுதுகிறார்கள்? ஒரு துண்டை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். மெட்டு 'ச ரி க ம ப' என்று நேராக ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சங்கராபரணத்தின் சுரங்கள், அதாவது பியானோவின் வெள்ளைக் கட்டைகள். பின்னணியில் ஒலிக்கும் கார்டு, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம், ச, க, ப, த.

முதல் ஆல்ட்டோ ச வாசிக்கும்போது வேலை சுலபம். கார்டில் மிச்சமிருக்கும் சுரங்களை மேலிருந்து கீழாக அடுக்கினால் போதும்: இரண்டாம் ஆல்ட்டோவுக்கு த, முதல் டெனருக்கு ப, இரண்டாம் டெனருக்கு க. அடுத்து மெட்டு ரி-க்குப் போகிறது. ரி இந்தக் கார்டில் இல்லை. கீழே பழைய சுரங்களையே விட்டுவைத்தால் ரி மட்டும் விருந்தாளி மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். எனவே அந்த ஒரு நொடிக்கு மட்டும் கார்டையே மாற்றிவிடுகிறார்கள். நி, ரி, ம, அவற்றோடு சங்கராபரணத்தின் த-வுக்கு அரைச்சுரம் கீழே இருக்கும் சுத்த தைவதம். நான்கும் சம இடைவெளியில் நிற்கும், எந்தப் பக்கமும் சாயாத, எங்கேயாவது போய்ச்சேர வேண்டும் என்று தவிக்கும் 'டிமினிஷ்ட்' கார்டு இது. மெட்டு க-வுக்கு வந்ததும் பழைய கார்டு திரும்பிவிடும். ம-வுக்குப் போனால் மறுபடி டிமினிஷ்ட். ப-வில் மறுபடி வீடு.

இப்போது அடுக்கை விட்டுவிட்டு ஒவ்வொருவர் தாளையும் குறுக்காகப் படித்துப் பாருங்கள். இரண்டாம் ஆல்ட்டோ வாசிப்பது த நி ச ரி க. முதல் டெனர் ப, சுத்த தைவதம், த, நி, ச. இரண்டாம் டெனர் க, ம, ப, சுத்த தைவதம், த. யாரும் எங்கும் தாவவில்லை, ஒரே சுரத்தில் சிக்கிக்கொள்ளவும் இல்லை. நாலு பேரும் ஒரே மாடிப்படியில் ஆளுக்கு ஒரு படியில் நின்றுகொண்டு ஒரே நேரத்தில் ஏறுகிறார்கள். கார்டு மாறிக்கொண்டே இருப்பதைக் காது தனியாகக் கவனிப்பதில்லை. மெட்டு நகர்வதாக மட்டும்தான் அதற்குத் தோன்றுகிறது.

ஐந்தாவது ஆள் பாரிடோன். அவருக்குப் புதுச் சுரம் எதுவும் கிடையாது. முதல் ஆல்ட்டோவின் மெட்டையே ஒரு ஸ்தாயி கீழே வாசிக்கிறார். கேட்க வீண்செலவு மாதிரி தெரிகிறது. ஆனால் ஐவரையும் ஒட்டவைக்கும் பசை இதில்தான் இருக்கிறது. ஆல்ட்டோ 440 ஹெர்ட்ஸில் ஒரு சுரம் வாசித்தால் கூடவே 880, 1320 என்று அதன் மடங்குகளும் மெலிதாக ஒலிக்கும். பாரிடோன் 220-ல் வாசித்தால் அதன் மடங்குகள் 440, 660, 880, 1100, 1320. ஆல்ட்டோவின் ஒலியில் உள்ள எல்லாமே பாரிடோனின் வரிசையில் ஏற்கெனவே இருக்கிறது. இவை இரண்டு வாத்தியங்கள் என்று பிரித்தறியக் காதுக்குத் தடயமே கிடைப்பதில்லை. நடுவில் இருக்கும் மூன்று பேரும் அந்த இரண்டு சுவர்களுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

மேற்கத்திய செவ்வியல் இசையில் ஹார்மனி, அதாவது சுரங்களை அடுக்கிச் சேர்க்கும் முறை, பற்றிய பாடத்தில், இரண்டு குரல்கள் ஒரு ஸ்தாயி இடைவெளியிலோ ச-ப இடைவெளியிலோ இணையாக நகரக் கூடாது என்று தலையில் குட்டிச் சொல்லித் தருவார்கள். அதற்குக் காரணம் உண்டு. ஒரே நேரத்தில் தொடங்கி, ஒரே திசையில், ஒரே அளவு நகரும் ஒலிகள் ஒரே பொருளிலிருந்து வருகின்றன என்று மூளை முடிவு கட்டிவிடும். நான்கு தனிக் குரல்கள் வேண்டும் என்பவருக்கு அது நஷ்டம். சாக்ஸ் சோலி எழுதுபவருக்கோ அதே நஷ்டம்தான் வேண்டியிருக்கிறது. பாடத்தில் குற்றமாக இருந்ததையே இங்கே தொழில்நுட்பமாக வைத்திருக்கிறார்கள்.

'ஐந்து பேரை நிறுத்துவது சத்தத்துக்காகத்தானே' என்று நினைக்கத் தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒரே அளவு சத்தத்தில் வாசிக்கும் ஐந்து பேர் சேர்ந்தால், ஒருவர் வாசிப்பதைவிட 7 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றவே சுமார் 10 டெசிபல் வேண்டும். அதாவது ஐந்து பேருக்குச் சம்பளம் கொடுத்தும் இரண்டு மடங்கு சத்தம்கூடத் தேறாது. கிடைப்பது கனம். எவ்வளவு கைதேர்ந்தவர்களும் ஒரே சுரத்தில் இம்மி பிசகாமல் நிற்க முடியாது. ஒருவர் 440, பக்கத்தில் இருப்பவர் 441 என்றால் விநாடிக்கு ஒரு முறை ஒலி மெதுவாக ஊதித் தணியும். இப்படிச் சின்னச் சின்ன அலைவுகள் பல கலந்தால் வருவதுதான் அந்த அடர்த்தி.

அடுக்கை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பக்கத்தில் கீபோர்டு இருந்தால் நடுவில் ஒரு ச-வையும் அதன் க-வையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள், இனிமையாக இருக்கும். அதே ஜோடியை இரண்டு ஸ்தாயி கீழே அழுத்துங்கள், உறுமும். இத்தனைக்கும் இடைவெளி அதேதான். நடு ச 262 ஹெர்ட்ஸ், அதன் க 330, வித்தியாசம் 68. இரண்டு ஸ்தாயி கீழே அவை 65-ம் 82-ம், வித்தியாசம் வெறும் 17. உள்காதின் சவ்வு அதிர்வெண்ணுக்கு ஏற்ப இடம் இடமாக அதிரும். கீழ் அதிர்வெண்களில் சுமார் 100 ஹெர்ட்ஸுக்குள் நெருங்கி வரும் இரண்டு ஒலிகள் சவ்வில் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. வித்தியாசம் 25-ஐ ஒட்டி வரும்போது கரகரப்பு உச்சத்தில் இருக்கும். 68 அதிலிருந்து தள்ளி நிற்கிறது, 17 பக்கத்திலேயே நிற்கிறது.

அதனால்தான் அரேஞ்சர்கள் கீழே அகலமாகவும் மேலே நெருக்கமாகவும் அடுக்குகிறார்கள். இயற்கையின் மடங்கு வரிசையும் அப்படித்தான் போகிறது: 100-க்கும் 200-க்கும் நடுவே ஒரு முழு ஸ்தாயி, 200-லிருந்து 300 ச-ப தூரம், அதற்கு மேலே போகப் போக நெருக்கம். மெட்டு தாழ்வான இடத்துக்கு இறங்கினால் நெருக்கமான அடுக்கு சேறாகிவிடும். அப்போது மேலிருந்து இரண்டாவது சுரத்தை எடுத்து ஒரு ஸ்தாயி கீழே போட்டு அடுக்கை விரிப்பார்கள். 'டிராப் டூ' என்று இதைச் சொல்வார்கள். அதுவும் உதவாத இடத்தில் ஹார்மனியை மறந்துவிட்டு எல்லாரையும் ஒரே சுரத்தில் விட்டுவிடுவது உத்தமம். எனக்குத் தெரிந்தவரை, புதிதாக எழுதுபவர்களுக்குக் கடைசியாக வரும் துணிச்சல் அதுதான். ஐந்து பேர் இருக்கும்போது ஐந்து சுரம் எழுதாவிட்டால் கை அரிக்கும்.

கணினியில் எழுதிக் கேட்பவர்களுக்கு இன்னொரு வில்லங்கம் காத்திருக்கிறது. என் முதல் சோலியை மென்பொருள் அருமையாக வாசித்துக் காட்டியது. மனிதர்கள் வாசித்தபோது நடுவில் ஏதோ தடுக்கி விழுந்தது. இரண்டாம் டெனர்காரர் தாளை நீட்டி, "மெட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்கு மட்டும் ஆறு தடவை ஒரே சுரமா?" என்றார். கார்டுக்குக் கார்டு பார்த்தால் பிழையே இல்லை. ஆனால் முதல் ஆளின் விரல்கள் ஓடும் இடத்தில் இவர் ஒவ்வொரு முறையும் நாக்கால் காற்றை வெட்டி வெட்டி அதே சுரத்தை எழுப்ப வேண்டியிருந்தது. ஓட்டம் அங்கேதான் அறுந்தது. மூச்சு விடவும் எங்கேயும் இடம் வைத்திருக்கவில்லை. கணினிக்கு நாக்கும் இல்லை, நுரையீரலும் இல்லை.

இந்தக் கலையைக் கிட்டத்தட்ட அதன் எல்லைவரை கொண்டுபோனது 1972-ல் அமெரிக்காவில் தொடங்கிய சூப்பர்சாக்ஸ் குழு. 1955-ல் மறைந்த ஆல்ட்டோ சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர், மின்னல் வேகத்தில் மனோதர்மமாக வாசித்த சோலோக்களை எழுத்தில் பிடித்து, ஐந்து சாக்ஸபோன்களுக்கு ஹார்மனியோடு எழுதினார்கள். ஒருவர் அந்த நொடியில் கற்பனை செய்ததை ஐந்து பேர் மனப்பாடம் போல ஒப்பிப்பதா என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. எனக்கு அது ஒரு கவிதையை ஊரே சேர்ந்து வாசிப்பது போல இருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே குடும்பத்து வாத்தியங்களுக்கு. சாக்ஸபோனைக் கண்டுபிடித்த அடால்ஃப் சாக்ஸ் 1846-ல் காப்புரிமை பெற்றபோதே அதைச் சின்னதும் பெரியதுமான ஒரு குடும்பமாகத்தான் யோசித்திருந்தார். எல்லாமே வாய்ப்பக்கம் ஒடுங்கி மறுமுனையில் விரியும் கூம்புக் குழாய்கள். விரல் வைக்கும் முறையும் ஒன்றே. இந்தக் குடும்பத்தில் யார் யார் வாசிக்கிறார்கள் என்பதை மாற்றினால் ஒலியின் நிறம் மாறும். 1947-ல் ஜிம்மி ஜுஃப்ரி, வுடி ஹெர்மன் குழுவுக்காக எழுதிய ஒரு பாட்டில் ஆல்ட்டோவையே தவிர்த்துவிட்டு மூன்று டெனர், ஒரு பாரிடோன் என்று வைத்தார். டெனர்கள் தங்கள் மேல் ஸ்தாயியில் நெருக்கமாக நிற்க, ஒலி லேசாகி, மூச்சுக் காற்று கலந்த பட்டுப்போல் ஆனது. இன்னொரு குழுத் தலைவர் க்ளென் மில்லர் மெட்டைக் கிளாரினெட்டுக்குக் கொடுத்து, அதையே ஒரு ஸ்தாயி கீழே டெனருக்கும் கொடுத்தார். கிளாரினெட் நேர் உருளைக் குழாய். கீழ் ஸ்தாயியில் அதன் ஒலியில் ஒற்றைப்படை மடங்குகளே ஓங்கி நிற்கும், அதனால் அதன் குரலில் ஒரு வெறுமை இருக்கும்.

பியானோ கலைஞரும் குழுத் தலைவருமான டியூக் எலிங்டன் இந்தக் கிளாரினெட்டை வைத்து 1930-ல் வேறொரு காரியம் செய்தார். ட்ரம்பெட், ட்ராம்போன், கிளாரினெட் மூன்றும் சேர்ந்தால் கிளாரினெட் உச்சியிலும் ட்ராம்போன் அடியிலும் இருப்பதுதான் அன்றைய வழக்கம். எலிங்டன் கிளாரினெட்டை அடியில் கொண்டுபோய் வைத்தார். வாயில் அடைப்பான் செருகி ஒலியை அடக்கிய ட்ராம்போனை அதன் உச்சிக்கு ஏற்றி, அதேபோல் அடைப்பான் செருகிய ட்ரம்பெட்டுக்கு ஒட்டிக் கீழே நிறுத்தினார். மூன்றுமே தமக்குப் பழக்கமில்லாத இடத்தில் நின்று ஒலிக்க, கேட்பவருக்கு எது எந்த வாத்தியம் என்றே பிடிபடவில்லை.

எலிங்டன் வாத்தியங்களுக்கு எழுதவில்லை, ஆட்களுக்கு எழுதினார். அவர் குழுவின் பாரிடோன்காரர் ஹாரி கார்னி 1927-ல் சேர்ந்து, 1974-ல் எலிங்டன் இறக்கும்வரை கூடவே இருந்தார். கார்னியின் குரல் அவ்வளவு கனமானது என்பதால், சோலி அல்லாத இடங்களில் கார்டின் அடித்தளத்தைப் பிடிக்க வேண்டிய பாரிடோனுக்குச் சில இடங்களில் கார்டின் காரமான உள்சுரம் ஒன்றைக் கொடுத்துவிடுவார். வேறு யாராவது வாசித்தால் அதே தாள் வேறு மாதிரி கேட்கும். அவர் குழுவின் கையெழுத்துத் தாள்கள் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பல தாள்களின் தலைப்பில் 'முதல் ஆல்ட்டோ', 'பாரிடோன்' என்று எழுத வேண்டிய இடத்தில் வாசித்தவரின் பெயரோ செல்லப்பெயரோதான் எழுதியிருக்கிறது.