ஹோண்டுராஸின் இராணுவப் போலீஸ் சட்டம்: சிப்பாயின் அதிகாரம் எதுவரை?

மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸின் நாடாளுமன்றம் 2013 ஆகஸ்டில் ‘பொது ஒழுங்குக்கான இராணுவப் போலீஸ் சட்டம்’ என்ற சட்டத்தை நிறைவேற்றியது. இராணுவப் போலீஸ் என்றதும் நம் நினைவுக்கு வருவது, சிவப்புத் தொப்பி அணிந்து படைவீரர்களின் ஒழுங்கைக் கண்காணிக்கிற பிரிவுதான். ஹோண்டுராஸ் உருவாக்கியது அதுவன்று. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ், இராணுவத் தளபதிகளின் கட்டளையில் இருந்தபடியே, ஊருக்குள் இறங்கிப் பொதுமக்களிடையே போலீஸ் வேலை பார்க்கிற தனிப்படை அது. குற்றக் கும்பல்களையும் அவற்றுக்குத் துணைபோன ஊழலையும் ஒடுக்க வேறு வழியில்லை என்ற வாதத்தின் பேரில் அந்தப் படைக்கு அதிகாரம் தரப்பட்டது.

அந்த வாதம் வெறும் அரசியல் பேச்சு அன்று. 2011-இல் ஹோண்டுராஸில் 1 லட்சம் பேருக்கு 86-க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. போர் நடக்காத நாடுகளில் அது உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று. சான் பெத்ரோ சூலா, தெகுசிகால்பா போன்ற நகரங்களில் ‘போர் வரி’ என்ற பெயரில் கும்பல்கள் மாமூல் வசூலித்தன. காலையில் முதல் நடை எடுக்கும் பேருந்து ஓட்டுநர், வாரத் தொகையை உறையில் போட்டு, நிறுத்தத்தில் காத்திருக்கும் சிறுவனிடம் கொடுத்தால்தான் வண்டி அந்தப் பேட்டையைக் கடக்க முடியும். சில தடங்களில் ஒரே வண்டிக்கு இரண்டு மூன்று கும்பல்கள் தனித்தனியே கேட்டன. கொடுக்க மறுத்த ஓட்டுநர்களும் நடத்துநர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போலீசிடம் போகலாமே என்றால், போலீசே நம்பிக்கை இழந்து நின்றது. 2011 அக்டோபரில், தேசியப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் மகனும் அவருடைய நண்பரும் போலீஸ்காரர்களாலேயே கொல்லப்பட்டபோது நாடு அதிர்ந்துபோனது. அந்தத் தெருக்களில் குடியிருந்த ஏழை எளியவர்கள் சிப்பாய்களை வரவேற்றதில் வியப்பு ஏதுமில்லை; தொலைவிலிருந்து அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையும் இல்லை.

சட்டம் தரும் அதிகாரங்கள் இவை. பொது ஒழுங்கு குலைந்து நெருக்கடி ஏற்படும்போது விரைந்து செயல்படலாம். குற்றக் கும்பல்களின் பிடியில் உள்ள பேட்டைகளையும் குடியிருப்புகளையும் பொது இடங்களையும் மீட்பதற்கு உதவலாம். கும்பல்களோடு தொடர்புடையோரைக் கைது செய்து உரிய அதிகாரியிடம் ஒப்படைக்கலாம். உளவுத் தகவல் திரட்டலாம். இந்தப் படையில் சேருவோர் பொய் கண்டறியும் கருவிச் சோதனை உள்ளிட்ட நம்பகச் சோதனைகளில் தேற வேண்டும் என்பதும், படையின் நடவடிக்கைகளோடு அரசு வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் இணைக்கப்பட வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளன. அதாவது, கைது செய்யும் அதிகாரம் சிப்பாய்க்கு உண்டு. வழக்குத் தொடர்வதும் தண்டிப்பதும் அவர் வேலை அன்று.

இந்தச் சட்டத்துக்கு மேலே அரசியல் சாசனம் இருக்கிறது. பிடிபட்டவரை 24 மணி நேரத்துக்குள், விசாரணைக்குத் தேவைப்பட்டால் அதிகபட்சம் 48 மணி நேரத்துக்குள், நீதிபதி முன் நிறுத்தியாக வேண்டும். அவசரச் சூழல் தவிர, வீட்டைச் சோதனையிட நீதிபதியின் ஆணை வேண்டும். ஆணை இருந்தாலும், அவசரம் இல்லாதபோது மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை சோதனை கூடாது. இந்தக் கடைசி விதி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் நள்ளிரவில் முகமூடி அணிந்த ஆட்கள் துப்பாக்கியோடு கதவைத் தட்டும்போது, வந்திருப்பது படையா, படை உடையில் வந்த கும்பலா என்று உள்ளே இருக்கும் தாய்க்கு எப்படித் தெரியும்? இந்தப் படையினர் முகத்தை மறைத்துக்கொண்டு பணியாற்றுவது வழக்கம். அந்த முகமூடி பழிவாங்கலிலிருந்து சிப்பாயைக் காக்கிறது. அத்துமீறல் நடந்தால் புகார் கொடுப்பவர் யாரைச் சுட்டிக்காட்டுவது என்று தெரியாமல் தவிக்கவும் அதுவே காரணமாகிறது.

சாசனத்தோடு அடிப்படையான உரசல் ஒன்றும் உண்டு. ஹோண்டுராஸில் பல பத்தாண்டுகள் போலீஸ் இராணுவத்தின் ஒரு கிளையாகவே இருந்தது. 1980-களில் ஆட்கள் காணாமற்போன கொடுமைகளுக்குப் பிறகு, 1990-களின் இறுதியில்தான் அது இராணுவத்திடமிருந்து பிரிக்கப்பட்டது. அதனால் தேசியப் போலீஸ் முற்றிலும் குடிமைத் தன்மை உடையது என்று சாசனம் அழுத்திச் சொல்கிறது. 2011-இன் இறுதியில் நாடாளுமன்றம் சாசனத்தின் 274-ஆம் பிரிவுக்குப் புதிய விளக்கம் கொடுத்து, நெருக்கடி காலத்தில் இராணுவம் போலீஸ் பணி செய்ய வழிவிட்டது. அடுத்து, இந்தப் படையைச் சாசனத்திலேயே நிரந்தரமாக்க அரசு முயன்றது. அதற்கு மொத்தமுள்ள 128 உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 86 பேர், ஆதரிக்க வேண்டும். 2015 ஜனவரியில் நடந்த வாக்கெடுப்பில் அந்த எண்ணிக்கை எட்டவில்லை. ஆனாலும் சாதாரணச் சட்டத்தின் பலத்தில் படை தொடர்ந்தது.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொரு பகுதி. இந்தப் படையினர் பணியின்போது குற்றம் செய்ததாகப் புகார் எழுந்தால், அதை விசாரிப்பவர்கள் தேசிய பாதுகாப்பு மன்றம் தேர்ந்தெடுத்த தனி வழக்கறிஞர்களும் நீதிபதிகளும்தாம். குடியரசுத் தலைவர், நாடாளுமன்றத் தலைவர், தலைமை நீதிபதி, தலைமை அரசு வழக்கறிஞர், அமைச்சர்கள் ஆகியோர் ஒரே மேசையில் அமரும் அமைப்பு அந்த மன்றம். ஒருவரையொருவர் தட்டிக்கேட்க வேண்டியவர்கள் கூடிப் படையையும் ஏவி, அந்தப் படையை விசாரிப்பவரையும் நியமித்தால், பாதிக்கப்பட்டவர் எந்தக் கதவைத் தட்டுவார்?

பலன் கிடைத்ததா என்றால், கொலை விகிதம் 2017-க்குள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது உண்மை. ஆனால் அந்தப் பெருமையைப் படைக்கு மட்டும் கொடுப்பது சரியாகாது. 2012-இல் சாசனத்தைத் திருத்தியதால் போதைப்பொருள் தலைவர்களை அமெரிக்காவுக்கு நாடு கடத்த முடிந்தது. 2016-இல் அமைக்கப்பட்ட களையெடுப்பு ஆணையம் ஆயிரக்கணக்கான போலீஸ்காரர்களைப் பணியிலிருந்து நீக்கியது. இவை எல்லாம் ஒரே காலத்தில் நடந்தவை.

ஊழல் விஷயத்தில் நிலைமை இன்னும் தெளிவு. ஊழல் தெருமுனையில் நிற்பதில்லை. அது கணக்கேட்டிலும் ஒப்பந்தத்திலும் இருக்கிறது. நாட்டின் சமூகப் பாதுகாப்புக் கழகம், அதாவது தொழிலாளரின் மருத்துவச் செலவுக்கும் ஓய்வூதியத்துக்கும் பணம் வைத்திருந்த நிறுவனம், சூறையாடப்பட்டதும், அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஆளுங்கட்சியின் தேர்தல் செலவுக்குப் போனதும் 2015-இல் வெளிவந்தன. அதை வெளிக்கொணர்ந்தவர்கள் செய்தியாளர்களும் அரசு வழக்கறிஞர்களும். அதைக் கேட்டுக் கொதித்து, வெள்ளிக்கிழமை மாலைகளில் மூங்கில் தீப்பந்தங்களோடு வீதிகளில் நடந்தவர்கள் சாதாரணக் குடிமக்கள். அந்த அழுத்தத்தால்தான் அமெரிக்க நாடுகள் அமைப்பின் ஆதரவில் ஊழல் எதிர்ப்புக் குழு ஒன்று 2016-இல் வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் பலரை அது தொடத் தொடங்கிய பின், 2020 ஜனவரியில் அதன் காலம் நீட்டிக்கப்படாமல் முடித்துவைக்கப்பட்டது. இராணுவப் போலீஸ் சட்டத்தை நாடாளுமன்றத் தலைவராக இருந்து முன்னெடுத்து, பின்பு குடியரசுத் தலைவரான ஹுவான் ஓர்லாண்டோ எர்னாந்தஸையே, போதைப்பொருள் கடத்தலுக்குத் துணைபோன குற்றத்துக்காக 2024-இல் நியூயார்க் நீதிமன்றம் 45 ஆண்டுச் சிறைக்கு அனுப்பியது. 2025 டிசம்பரில் அமெரிக்க அதிபரின் மன்னிப்பால் அவர் விடுதலையானார். அவருடைய ஆட்சிக்காலம் முழுவதும் இந்தப் படை வீதிகளில் நின்றிருந்தது.

2017 தேர்தல் முடிவை எதிர்த்து மக்கள் திரண்டபோது, கும்பல்களுக்காக உருவான படை ஆர்ப்பாட்டக்காரர்கள் முன் நிறுத்தப்பட்டது. அந்த வன்முறையில் 23 பேர் இறந்தனர் என்றும், அவர்களுள் குறைந்தது 16 பேர் பாதுகாப்புப் படையினரின் குண்டுக்குப் பலியானார்கள் என்றும் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் பதிவு செய்தது. 2022-இல் ஆட்சிக்கு வந்த சியோமாரா காஸ்ட்ரோ, பாதுகாப்புப் பணியிலிருந்து இராணுவத்தை விலக்குவதாக முன்பு பேசியவர். ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் அவருடைய அரசு மாமூல் கும்பல்களுக்கு எதிராக விதிவிலக்கு நிலையை அறிவித்து, நடமாட்டம், கூட்டம் சேர்தல், வீட்டின் பாதுகாப்பு ஆகிய உரிமைகளை நிறுத்திவைத்தது; மேலே சொன்ன இரவுச் சோதனைத் தடையும் அதில் அடங்கும். 2023 ஜூனில் தாமரா பெண்கள் சிறையில் 46 பெண்கள் கொல்லப்பட்டதும், சிறைகளின் பொறுப்பும் இந்தப் படைக்கே போனது. இராணுவத்தின் பங்கு அசாதாரணச் சூழலுக்கு மட்டுமானதாகவும், குடிமை அதிகாரிகளுக்குக் கீழ்ப்பட்டதாகவும், துணைப் பணியாகவும் இருக்க வேண்டும் என்று அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம் 2018-இல் மெக்சிகோ வழக்கொன்றில் தீர்ப்பளித்திருந்தது. ஹோண்டுராஸும் அந்த நீதிமன்றத்தின் அதிகார வரம்புக்குள் வரும் நாடு.

இத்தனைக்கும் நடுவில், பிடித்துச் செல்லப்பட்டவரின் குடும்பத்துக்குக் கையில் இருக்கும் கருவி ஆட்கொணர்வு மனு. சாசனத்தின் 182-ஆம் பிரிவின்படி அதை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். உறவினராக இருக்க வேண்டியதில்லை, வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணம் இல்லை. எழுத்திலும் கொடுக்கலாம், வாய்மொழியாகவும் சொல்லலாம், தொலைபேசி வழியாகவும் தெரிவிக்கலாம். விடுமுறை நாளானாலும் நள்ளிரவானாலும் நீதிமன்றம் அதை ஏற்றாக வேண்டும். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்தப் படையினர், எந்த வண்டியில் கொண்டுபோனார்கள் என்ற விவரங்களை அக்கம்பக்கத்தார் உடனே குறித்து வைத்தால், நீதிபதி அனுப்பும் அலுவலர் எந்த முகாமின் வாசலில் போய் நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.