குழாயிலிருந்து விழும் தண்ணீர் கீழே போகப் போக ஏன் ஒல்லியாகிறது?

குழாயைக் கொஞ்சமாகத் திறந்து, தண்ணீர் சத்தமில்லாமல் கண்ணாடிக் கம்பி மாதிரி விழும்படி வையுங்கள். கண்ணை அந்த உயரத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். குழாய் வாயில் சுண்டுவிரல் பருமனுக்கு இருக்கும் தாரை, அரைச் சாண் இறங்குவதற்குள் பாதிக்கும் மேல் மெலிந்துவிடும்.

கீழே விழும் எந்தப் பொருளையும் போலத் தண்ணீருக்கும் புவியீர்ப்பால் வேகம் கூடுகிறது. ஆனால் நடுவழியில் தண்ணீர் புதிதாக முளைப்பதுமில்லை, காணாமல் போவதுமில்லை. ஒரு நொடியில் மேலே எவ்வளவு கடக்கிறதோ, அவ்வளவுதான் கீழேயும் கடக்க வேண்டும். அப்படியானால் வேகம் கூடும் இடத்தில் குறுக்குவெட்டுப் பரப்பு குறைந்தே தீரும். பரப்பையும் வேகத்தையும் பெருக்கினால் வழி நெடுக ஒரே எண்தான் வரும். தொடர்ச்சிச் சமன்பாடு சொல்வது இதைத்தான். வாயில் விட்டம் 1 செ.மீ., வேகம் நொடிக்கு 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 10 செ.மீ. கீழே வேகம் நொடிக்கு 1.41 மீட்டர் ஆகிறது. ஏழு மடங்கு! பரப்பு ஏழில் ஒன்று, விட்டம் 4 மி.மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பக்கத்தில் ஓர் அளவுகோலைப் பிடித்து நீங்களே சரிபார்க்கலாம்.

சரி, இந்தத் தாரையில் அழுத்தம் எங்கே குறைவு, மேலேயா கீழேயா? "வேகம் கூடினால் அழுத்தம் குறையும், அதுதான் பெர்னூலி தேற்றம்" என்று மனப்பாடம் செய்தவர்கள் யோசிக்காமல் "கீழே" என்பார்கள். தாரையைச் சுற்றி இருப்பதோ வெறும் காற்று. பரப்பு இழுவிசையால் வரும் சிறு வித்தியாசத்தை விட்டுவிட்டால், தாரை முழுக்க ஒரே வளிமண்டல அழுத்தம்தான். வேகம் ஏழு மடங்கு கூடியும் அழுத்தம் அசையவே இல்லை.

தேற்றம் பொய்யில்லை, நாம் அதைப் பாதியில் வெட்டிப் படித்துவிட்டோம். டேனியல் பெர்னூலி 1738இல் வெளியிட்ட கருத்தைக் கணித மேதை ஆய்லர் இன்றைய வடிவத்தில் எழுதினார். அதில் மூன்று உறுப்புகள் உண்டு: அழுத்தம், ஒரு கன மீட்டர் பாய்மத்தின் (ஓடும் திரவமோ வாயுவோ) இயக்க ஆற்றல், அதே ஒரு கன மீட்டரின் நிலையாற்றல். உராய்வு இல்லாத, அடர்த்தி மாறாத, சீரான ஓட்டத்தில் ஒரே ஓட்டக்கோட்டின் (பாய்மத் துளி போகும் பாதையின்) வழியே போனால் இம்மூன்றின் கூட்டுத்தொகை மாறாது. நம் தாரையில் உயரம் குறைந்தது, அந்த நிலையாற்றல் வேகமாக மாறியது. அழுத்தத்துக்கு அங்கே வேலையே இல்லை.

இப்போது கிடைமட்டமாகப் போகும் குழாயை எடுத்துக்கொள்வோம். நடுவில் அதன் விட்டம் பாதியாகிறது. பரப்பு கால் பங்கு ஆவதால், நொடிக்கு 1 மீட்டரில் வந்த தண்ணீர் 4 மீட்டர் வேகத்தில் போக வேண்டும். உயரம் மாறாததால் புவியீர்ப்பு கைகொடுக்காது. குறுகலுக்குள் நுழையும் ஒரு சிறு நீர்த்துண்டை மனதில் பிடித்து நிறுத்துங்கள். அதை முன்னால் தள்ளுவது யார்? பின்னால் இருக்கும் தண்ணீர்தான். பின்னால் அழுத்தம் அதிகமாகவும் முன்னால் குறைவாகவும் இருந்தால்தான் அது வேகமெடுக்கும். கணக்கிட்டால் வித்தியாசம் 7,500 பாஸ்கல், அதாவது சுமார் முக்கால் மீட்டர் நீர்த்தம்பம். வேகம் கூடியதால் அழுத்தம் குறைந்தது என்று சொல்வதைவிட, அழுத்த வேறுபாடு இருப்பதால் வேகம் கூடுகிறது என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. இது நியூட்டனின் இரண்டாம் விதியேதான், பாய்மத்துக்குப் பொருத்தி எழுதியது.

ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் தூரமாகப் பீய்ச்சுவது ஏன்? "பரப்பு குறைந்தது, வேகம் கூடியது" என்பது பெரும்பாலோர் பதில். அந்தப் பதிலுக்கு, நொடிக்கு வரும் தண்ணீரின் அளவு மாறாமல் இருக்க வேண்டும். வாளியை வைத்துப் பாருங்கள், விரலை நன்றாக அழுத்தினால் வாளி நிறையக் கூடுதல் நேரமாகும். அளவு குறைகிறதே!

இங்கே 17ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிவியலாளர் டாரிசெல்லியை நினைத்துப் பார்க்க வேண்டும். தொட்டியின் பக்கத்தில் துளையிட்டால் தண்ணீர் வெளியேறும் வேகம், துளைக்கு மேல் நிற்கும் நீரின் உயரத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் என்றால் நொடிக்கு 14 மீட்டர். துளை சின்னதா பெரியதா என்பது வேகத்தில் பெரிய மாற்றம் செய்யாது. ஆக, குழாயில் உராய்வே இல்லாமல், மேலே பெரிய தொட்டியும் இருந்தால், விரலை வைத்தாலும் வேகம் கூடாது. நிஜக் குழாயிலோ, வாய் திறந்திருக்கும்போது அழுத்தத்தின் பெரும்பகுதி வழியிலேயே உராய்வில் கரைந்துவிடுகிறது. விரலை வைத்ததும் ஓட்டம் குறைகிறது, ஓட்டம் குறைந்ததால் உராய்வு இழப்பும் குறைகிறது. விரலுக்குப் பின்னால் அழுத்தம் ஏறி நிற்கிறது. அதுதான் விரலைத் தள்ளுவது, தண்ணீரை வீசுவதும் அதுவே.

அந்த உராய்வின் பெயர் பாகியல். தேனில் அதிகம், தண்ணீரில் குறைவு, காற்றில் மிகக் குறைவு, ஆனாலும் உண்டு. சுவரைத் தொட்டிருக்கும் பாய்ம அடுக்கு சுவரோடு ஒட்டி அப்படியே நிற்கும். வேகமாகச் சுழலும் மின்விசிறியின் இறக்கையில் தூசி படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இறக்கையை ஒட்டிய மெல்லிய காற்று இறக்கையோடே சுற்றுவதால், நுண்ணிய தூசியை ஊதித் தள்ள அங்கே ஆளில்லை.

பாகியல் எப்போது ஓட்டத்தை அடக்கி வைக்கும், எப்போது கைவிடும்? 1883இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, நடுவில் சாயத்தை மெல்லிய இழையாக விட்டுப் பார்த்தார். மெதுவான ஓட்டத்தில் இழை நேராகப் போனது. வேகத்தைக் கூட்டியபோது ஒரு கட்டத்தில் அது கலைந்து குழாய் முழுக்கப் பரவியது. அடர்த்தி, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கிப் பாகியல் எண்ணால் வகுத்தால் கிடைப்பதுதான் ரெனால்ட்ஸ் எண். குழாய்க்குள் அது ஏறக்குறைய 2,000 வரை இருந்தால் ஓட்டம் வரிச்சீராக, அதாவது அடுக்குகள் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்கும். அதைத் தாண்டிப் போகப் போகச் சுழல்கள் தலைகாட்டும்.

நாம் முதலில் எடுத்துக்கொண்ட 1 செ.மீ., 20 செ.மீ. கணக்கைப் போட்டுப் பாருங்கள், சரியாக 2,000 வரும். இனி குழாயை இன்னும் கொஞ்சம் திறவுங்கள். கண்ணாடிக் கம்பி மெல்ல நடுங்கும், அப்புறம் மங்கிச் சொரசொரப்பாகும், சத்தமும் வந்துவிடும்.