பழைய பிக்கப் ஸ்டார்ட் ஆக மல்லுக்கட்டுகிறதா? இன்ஜினைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

“காலையில ஸ்டார்ட் ஆக மாட்டேங்கு அண்ணாச்சி, இன்ஜின் வேலை வந்துட்டோ?” பழைய டீசல் பிக்கப்பை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவருகிறவர்கள் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். அதற்குள் புது பேட்டரி வாங்கியிருப்பார்கள். டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் நாஸிலையும் கழற்றி சர்வீஸ் பண்ணியிருப்பார்கள். வண்டி எப்படி மக்கர் பண்ணுகிறது என்பதை மட்டும் யாரும் உட்கார்ந்து கவனித்திருக்க மாட்டார்கள். பாதி வைத்தியம் அந்தக் கவனிப்பில்தான் இருக்கிறது.

முதலில் ஒன்று. “மார்கழிக் குளிருக்கு டீசல் வண்டி அப்படித்தான் இருக்கும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாஞ்சோலை எஸ்டேட் பக்கம் வேண்டுமானால் அந்தப் பேச்சு கொஞ்சம் எடுபடும். கீழே சமவெளியில் மார்கழி விடியலிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அந்தக் குளிருக்கே ஒரு இன்ஜின் அடம்பிடித்தால் ஏதோ ஒன்று பழுது என்றுதான் அர்த்தம்.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்துகிற அழுத்தத்தில் அந்தக் காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகி, அதில் டீசல் பாய்ந்து தானே பற்றுகிறது. ஆக, வேண்டியது மூன்று: இன்ஜின் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும், டீசல் காற்றுக் கலக்காமல் வர வேண்டும், கம்ப்ரஷன் (காற்றை அழுத்தும் அந்த அழுத்தம்) இருக்க வேண்டும். இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும். கடைசியில் இருப்பதை முதலில் கையில் எடுப்பதால்தான் செலவு ஏறுகிறது.

சாவியைத் திருப்பும்போது செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) எப்படிச் சுற்றுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். மந்தமாக இழுத்து இழுத்துச் சுற்றினால் டீசல் பக்கமே போக வேண்டாம். மெதுவாகச் சுற்றினால் அழுத்தும் காற்று பிஸ்டன் ரிங் வழியே கசிந்துவிடும், சூடும் சிலிண்டர் சுவரில் போய்விடும், டீசல் பற்றாது. ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2-க்குக் கீழே என்றால் பாதி சார்ஜ்தான். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். அது விழவில்லை, ஆனாலும் செல்ஃப் மந்தம் என்றால் பேட்டரி மைனஸை சேசிஸோடும் இன்ஜினோடும் இணைக்கும் எர்த் கேபிளைப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், உவரி, கூத்தங்குழி பக்கமிருந்து வரும் மீன் வண்டிகளுக்கு இதுதான் தீராத நோய். ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் சேசிஸ் வழியே சொட்டிக்கொண்டே இருக்கும். கேபிளின் மேலே ரப்பர் பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்துப் பொடியாகியிருக்கும். அந்தக் கேபிளோடு புது பேட்டரி போட்டாலும் கொஞ்ச நாள்தான் தாங்கும். எர்த் கேபிளை மாற்றி, அது சேசிஸில் உட்காரும் இடத்தைப் பளிச்சென்று சுரண்டி, கிரீஸ் தடவி முறுக்கினால் பாதிப் பேருக்குப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

எர்த் சரி, பேட்டரி சரி, ஆனாலும் செல்ஃப் மந்தம் என்றால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி உள்ளே தேயும் கார்பனும் புஷ்ஷும் பார்க்க வேண்டியதுதான்.

சரி, செல்ஃப் விறுவிறுவென்று சுற்றுகிறது, வண்டி மட்டும் பிடிக்கவில்லை என்றால்? சைலன்சரைப் பாருங்கள். புகையே வராவிட்டால் டீசல் உள்ளே போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. கரும்புகை வந்தால் முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். கல் குவாரிக்கும் செங்கல் சூளைக்கும் ஓடும் வண்டியில் அது செம்மண் கட்டியாகவே இருக்கும்.

காலையில் மட்டும் தகராறு, ஒரு தடவை பிடித்துவிட்டால் நாள் முழுக்கச் சாவியைத் தொட்டதும் ஓடுகிறது என்றால் என் சந்தேகம் டீசல் லைனில் காற்று ஏறுவதுதான். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்படுகிறது. நம் ஊர் வெயிலில் ரப்பர் ஹோஸ் காய்ந்து வெடித்திருந்தால் அந்த இடத்தில் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். “டீசல் எங்கேயும் கசியலையே” என்று ஓனர் அடித்துச் சொல்வார். அவர் சொல்வதும் உண்மைதான். இரவில் அந்த ஓட்டை வழியாகக் காற்று புகுந்து, லைனில் இருக்கும் டீசல் டேங்குக்குத் திரும்பிவிடும்.

இதற்குக் காசில்லாத சோதனை ஒன்று உண்டு. விடிந்ததும் சாவியைத் தொடாமல், கையால் அடித்து லைனில் டீசலை நிரப்பும் பிரைமர் பம்ப்பை இறுகும்வரை அடியுங்கள். பிறகு செல்ஃப் கொடுத்தால் உடனே பிடிக்கிறதா? அப்படியானால் காற்றுதான். ஃபில்டருக்கு முன்னால் ஒரு சாண் டிரான்ஸ்பரன்ட் ஹோஸை மாட்டி ஓடவிட்டால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். ஹோஸ், கிளாம்ப், ஃபில்டர் வாஷர் மூன்றையும் மாற்றுவது ஒரு நாஸில் சர்வீஸைவிட எவ்வளவோ மலிவு. அப்படியே ஃபில்டர் அடியில் தேங்கும் தண்ணீரையும் வடித்துவிடுங்கள்.

களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றி நயினார்குளம் மார்க்கெட் வந்து, இறக்கிவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் பிடிக்காத வண்டிகள் வேறு ரகம். இது சூட்டில் வரும் கோளாறு. செல்ஃப் மந்தமானால் செல்ஃப் மோட்டார் அல்லது கேபிள். நன்றாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால், பழைய மெக்கானிக்கல் பம்ப் உள்ள வண்டியில் பம்ப்பின் மேல் மட்டும் ஈரத்துணியைப் போட்டுச் சற்றுப் பொறுங்கள். ஆறியதும் பிடித்தால் பம்ப் உள்ளே தேய்ந்துவிட்டது. சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த இடுக்கு வழியே நழுவிவிடுகிறது. அதற்குப் பம்ப் வேலைதான் வழி. எல்லா நாஸிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியானால், இன்ஜின் சுற்றுவதைக் கணிக்கும் கிராங்க் சென்சரை ஸ்கேனர் வைத்தும், நாஸில் ரிட்டர்னை (நாஸிலிலிருந்து திரும்பிவரும் டீசலை) அளந்தும் பார்க்க வேண்டும். அந்த வண்டிகளில் பழைய பழக்கத்தில் நாஸில் பைப்பைத் தளர்த்திப் பார்க்கவே கூடாது. ஓடும்போது உள்ளே அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இன்னொரு கெட்ட பழக்கம் பெட்ரோல் துணி. ஏர் ஃபில்டர் வாயில் பெட்ரோல் நனைத்த துணியையோ ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயையோ காட்டினால் வண்டி பிடிக்கும்தான். ஆனால் அது பிஸ்டன் மேலே வரும் முன்பே வெடித்து ரிங்கை உடைக்கும். குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் ஹீட்டர் பிளக் சூடாக இருந்தால் ஏர் பைப்பிலேயே தீப்பிடிக்கும். விடாமல் செல்ஃப் அடிப்பதும் வேண்டாம். பத்து விநாடி அடித்தால் ஒரு நிமிடம் விடுங்கள்.

2023 டிசம்பர் 17, 18-ல் நெல்லை, தூத்துக்குடி பக்கம் கொட்டிய மழையில் மூழ்கிய வண்டிகளைத் தண்ணீர் வடிந்ததும் செல்ஃப் அடித்துப் பார்க்கிற ஆசை பலருக்கும் வந்தது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அடுத்த ஐப்பசி கார்த்திகையில் ஏர் ஃபில்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறினால், பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு டோ பண்ணிக் கொண்டுவாருங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் கம்ப்ரஷன். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறது, ஆயில் குறைகிறது, காலையில் வெள்ளைப் புகையோடு தடுமாறித்தான் பிடிக்கிறது என்றால் போர் வேலையாக (தேய்ந்த சிலிண்டரைச் சரிசெய்வது) இருக்கலாம். அப்போதும் கம்ப்ரஷன் கேஜ் மாட்டி ஒவ்வொரு சிலிண்டருக்கும் என்ன அளவு வருகிறது என்று எழுதி வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு இன்ஜினை இறக்கச் சொல்லுங்கள்.