மழையில் மூச்சு முட்டும் கொல்லைச் செடிகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் நாற்றுப்பண்ணைக்கு வருகிறவர்கள் செடி வாங்குவதைவிட மழையைப் பற்றிப் பேசுவதுதான் அதிகம். திருவாரூர்க்காரர் "இந்த வருஷம் மழை முந்திக்கிச்சு" என்பார். தஞ்சாவூர்ப் புறநகரிலிருந்து வருகிற அம்மா "எங்க கத்தரியெல்லாம் தலை தொங்கிப் போச்சு தம்பி" என்பார். வேதாரண்யத்துக்காரருக்கு மழையைவிடக் காற்றுதான் கவலை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் சாய்த்த தென்னைகளை அந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

இந்தப் பேச்சில் ஒவ்வொரு பருவமும் தவறாமல் காதில் விழுகிற வாக்கியங்கள் இரண்டு. "செடி வாடுச்சு, ரெண்டு குடம் தண்ணி ஊத்தினேன்." "இலை மஞ்சளாச்சு, ஒரு பிடி யூரியா போட்டேன்." வடகிழக்குப் பருவமழையின்போது நான் பார்க்கிற செடிச் சாவுகளில் பெரும்பங்கு இந்த இரண்டு வைத்தியத்தால் வருவது. மழை பாதி கொன்றிருக்கும், மீதியை நாம் முடித்து வைக்கிறோம்.

மண் துகள்களுக்கு இடையில் இருக்கிற சிறு துளைகளில்தான் வேருக்கான காற்று இருக்கிறது. மூன்று நாள் விடாமல் பெய்தால் அந்தத் துளைகள் முழுக்கத் தண்ணீர். மிச்சம் இருக்கும் பிராணவாயுவை வேரும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்களும் ஓரிரு நாளில் தீர்த்துவிடும். அப்புறம் வேர்நுனி சாகத் தொடங்கும். செத்த வேர் தண்ணீரை உறிஞ்சாது. மழை விட்டு ஒரு நாள் வெயில் அடித்ததும் தண்ணீரில் நின்றுகொண்டே செடி வாடுவது இதனால்தான். அந்த நேரத்தில் போடுகிற யூரியாவும் பெரும்பாலும் வீண். ஊறிய மண்ணில் யூரியாவின் தழைச்சத்து (நைட்ரஜன்) காற்றோடு போகும், இல்லாவிட்டால் தண்ணீரோடு போகும்.

"நெல்லு மட்டும் தண்ணியிலேயே நிக்குதே?" என்று கேட்பார்கள். சரியான கேள்வி. நெல்லுக்கு இலையிலிருந்து வேர் வரை காற்று இறங்குகிற குழாய் அமைப்பு உடம்பிலேயே இருக்கிறது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் பப்பாளிக்கும் அது கிடையாது.

டெல்டாவில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. இதைத்தான் யாரும் பேசுவதில்லை. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை ஓரங்களில் புதிதாக வந்திருக்கும் நகர்கள் பலவும் நேற்று வரை நஞ்சை. நஞ்சையில் தலைமுறை தலைமுறையாகத் தொழி உழவு செய்திருக்கிறார்கள். சேறாக்கி மிதித்து, தண்ணீர் கீழே இறங்காதபடி அடியில் ஓர் இறுகிய மண்தட்டை வேண்டுமென்றே உண்டாக்கிய நிலம் அது. அதன்மேல் இரண்டு மூன்று அடி மண் கொட்டி மனையாக்கி வீடு கட்டுகிறோம். வயலுக்கு இருந்த வடிகால் சாலைக்கு அடியில் போய்விட்டது. சாலையையும் மேல்மேலாகப் போட்டு உயர்த்தியாயிற்று. கொல்லைக்கு வந்த தண்ணீர் எங்கே போகும்? மேல்மண் காய்ந்து வெடித்திருக்கும், ஒன்றரை அடிக்குக் கீழே சேறாக நிற்கும்.

உங்கள் கொல்லை எப்படி என்று தெரிந்துகொள்ள மழைக்கு முன்பே ஒன்றரை அடிக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். முதல் தடவை இறங்கியதும் மறுபடி நிரப்புங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால், அந்த இடத்தில் சமதரையில் காய்கறியோ பழமரமோ வைக்க வேண்டாம். ஒரு முழம் உயரத்துக்காவது மேட்டுப்பாத்தி போட்டு அதில் நடுங்கள். குழியை ஆழமாகத் தோண்டி ஆற்று மணலும் எருவும் கொட்டி நடுவது நல்லது என்று ஒரு பழக்கம் இருக்கிறது. களிமண்ணில் அது ஆபத்து. சுற்றிலும் இருக்கிற தண்ணீரெல்லாம் அந்தக் குழிக்குள்தான் வந்து சேரும், கன்று கிணற்றில் நிற்கிற மாதிரி நிற்கும்.

வடிகால் வெட்டுகிற வேலை புரட்டாசியிலேயே முடிந்திருக்க வேண்டும். ஐப்பசியில் மண்வெட்டி எடுத்தால் சேறுதான் மிஞ்சும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் எந்த வடிகாலும் தாங்காது, உண்மைதான். ஆனால் மழை நின்றபின் தண்ணீர் அரை நாளில் வடிகிறதா, ஐந்து நாள் நிற்கிறதா என்பதை அந்த வாய்க்கால்தான் தீர்மானிக்கிறது. பப்பாளிக்கு இரண்டு நாள் தேங்கினாலே போதும், கதை முடிந்தது. முருங்கையும் கிட்டத்தட்ட அப்படித்தான். கொய்யா கொஞ்சம் பொறுக்கும்.

மழை விட்டபின் வாடிய செடியைப் பார்த்தால் முதலில் குடத்தைத் தொடாதீர்கள். அரை அடி ஆழத்து மண்ணை எடுத்துப் பிசைந்து பாருங்கள். கையில் ஒட்டி, சாக்கடை வாடை அடித்தால் காற்றில்லாத மண். தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு, மேல்மண் ஓரளவு உலர்ந்ததும் வேரை வெட்டாமல் லேசாகக் கொத்திவிடுங்கள். வேர் அழுகல் கண்ட செடிக்கு காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற தாமிரப் பூஞ்சைக்கொல்லியை லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் கலந்து தூரில் ஊற்றலாம். வேர் நோயைத் தடுக்கச் சூடோமோனாஸ் என்ற நுண்ணுயிர் மருந்து போடுகிறவர்கள் இதோடு சேர்த்துப் போடக் கூடாது. தாமிரம் அந்த நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும், இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். வேர் தேறும் வரை சத்தை இலை வழியாகக் கொடுங்கள். தண்ணீரில் கரையும் 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு 5 கிராம் கலந்து, வெயில் தணிந்த வேளையில் தெளியுங்கள்.

இலை மஞ்சளாவதிலும் வகை உண்டு. அடியிலைகள் மஞ்சளித்து உதிர்ந்தால் மேலே சொன்ன கதை. மல்லிகையில் கொழுந்திலை மட்டும் வெளுத்து நரம்பு பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் தெளித்தால் தேறும். மல்லிகைக் கவாத்தை, அதாவது கிளை வெட்டுவதை, நவம்பர் கடைசி வாரத்தில் செய்யச் சொல்வார்கள். டெல்டாவில் அந்த வாரம் அடைமழை என்றால் வெயில் முகம் தெரியும் வரை பொறுப்பதுதான் என் வழக்கம். வெட்டுவாயில் ஈரம் நின்றால் கிளை பின்னோக்கிக் காயும்.

மாமரம் வைத்திருப்பவர்கள் மார்கழியில் மழை நீடித்தால் "பூவையே காணோம், தளிராத் தள்ளுது" என்று புலம்புவார்கள். மா பூக்க வறட்சியும் குளிரும் வேண்டும். அந்த ஆண்டு உரம் போட்டுத் துரத்துவதில் பயனில்லை, விட்டுவிடுங்கள்.

மாடித்தோட்டக்காரர்களுக்கு ஒன்றே ஒன்று: பையின் அடித்துளையை ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள், தென்னை நார்க்கழிவு ஊறி அடைத்துக்கொள்ளும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளை மழைக்காலம் முடியும் வரை எடுத்துவிடுங்கள், டெங்குக் கொசுவுக்கு அவைதான் வீடு.

என்ன செய்தும் தண்ணீர் வடியாத மூலை ஒன்று பல கொல்லைகளில் இருக்கும். அங்கே எலுமிச்சையை மாற்றி மாற்றி நட்டுப் பணத்தை விடுகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அந்த மூலைக்குச் சேம்பு வையுங்கள். பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் தரையில் படரட்டும். பூ வேண்டுமென்றால் கல்வாழை. எலுமிச்சைக்கு வீட்டு வாசல் பக்கம் மேடான இடம் இருக்கிறதா என்று பாருங்கள், அதையும் தை பிறந்தபின் நடுங்கள்.