மழை விட்ட தோட்டத்தில் கேமராவோடு இறங்கும் முன்

ஆவணி, புரட்டாசியில் காரைக்குடிப் பக்கம் மழை பெரும்பாலும் சாயங்காலம்தான் பெய்யும். இடி இடித்து ஒரு பாட்டம் கொட்டி ஓய்ந்ததும் மேற்கே மேகம் விலகி மஞ்சள் வெளிச்சம் விழும். செம்பருத்தியும் நந்தியாவட்டையும் சொட்டச் சொட்ட நிற்கும். கையில் போன் இருக்கிற யாருக்கும் உடனே தோட்டத்தில் இறங்கத்தான் தோன்றும். கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற செட்டிநாட்டு ஊர்களின் பெரிய வீடுகளைப் படம் எடுப்பது என் தொழில். கூட வருகிற பிள்ளைகளிடம் நான் கண்டிப்பாகச் சொல்வது, அந்த நேரத்தில் பின்கட்டுத் தோட்டத்துக்குப் போக வேண்டாம் என்பதுதான்.

க்ளோஸ்-அப் எடுக்கும்போது சுற்றிலும் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் ஒரு பூமொட்டை அந்தச் சென்சார் மேல் அதன் நிஜ அளவிலேயே பதிவு செய்தால், லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி எஃப் 8 வைத்தாலும் தெளிவாக விழுவது சுமார் 1 மில்லிமீட்டர் ஆழம்தான். அதைப் பிடிக்க மூச்சை அடக்கி நிற்கிறவர் காலடியைப் பார்க்க மாட்டார். போனில் எடுப்பவர் கையையே செடிக்குள் நீட்ட வேண்டும்.

நம் பெரிய வீடுகள் பலவற்றில் ஆள் நடமாட்டமே கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் படையல் இடும் படைப்புக்கும்தான். பின்னால் உடைந்த ஓடும் விறகும் சருகும் வருடக்கணக்கில் கிடக்கும். கண்ணாடி விரியனும் தேளும் ஒளிய அது போதும். வளைக்குள் தண்ணீர் புகுந்தால் எல்லாம் வெளியே வரும். கட்டுவிரியன் இருட்டிய பிறகு நடமாடுவது. அது கடித்த இடத்தில் வலியே தெரியாமலும் போகலாம்.

மறுநாள் காலை நன்றாக விடிந்ததும் போங்கள். படத்துக்கும் அதுவே நல்லது, காற்று அடங்கியிருக்கும். சேம்பு இலையின் மேல் மெழுகு பூசிய நுண்ணிய மேடுகள் இருப்பதால் தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக நிற்கும். அதோடு, மண் ஈரமாக இருக்கும் இரவில் வேர் உறிஞ்சிய நீர் இலை நுனியிலும் ஓரத்திலும் தானே கசிந்து துளியாகும். புல் நுனியில் பனி என்று நாம் நினைப்பதில் பல இப்படி வந்தவைதான். கிளிசரின் தெளித்துப் பொய்த்துளி வைக்க என்ன தேவை? துளிக்குப் பின்னால் ஒரு பூ இருந்தால் அது துளிக்குள் தலைகீழாகத் தெரியும். துளியின் மேல்பரப்பை விட்டுவிட்டு அந்தக் குட்டி உருவத்துக்கு ஃபோகஸ் வையுங்கள்.

காலையிலும் மூடிய ஷூ வேண்டும். கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே நடங்கள், சருகில் படுக்காதீர்கள். கேமராவைத் தாழ்த்தி, திரையைத் திருப்பி வைத்துப் பார்த்தால் குனியவே வேண்டாம். இன்னும் சுலபம், முற்றத்தில் இருக்கும் தொட்டிச் செடியைத் திண்ணை உயரத்துக்குத் தூக்கி வைத்து எடுப்பது.

அப்படியும் கடித்துவிட்டால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், பாம்பைத் தேடி நிற்காதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். வலி இல்லை என்று வீட்டில் காத்திருக்கவே கூடாது. விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம்.

அப்புறம், நனைந்த கேமராவை அப்படியே பையில் போட்டு மூடாதீர்கள். லென்ஸுக்குள் பூஞ்சை வர அந்த ஈரம் போதும். துடைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துவிட்டால் அந்த ஜெல்லை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.