வளைவில் விழும் வெறும்பெட்டி

மாங்குளத்தில் இருக்கும் என் மருமகன், வயது பதினொன்று, ஒரு வீடியோவை அனுப்பிவிட்டுக் கேட்டான்: "மாமா, ஏன் இந்தப் பெட்டி மட்டும் எப்பவும் உள்பக்கமா விழுகுது?" கனடாவில் இருந்து வந்த மாதிரிச் சரக்கு ரயில், நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. நேர்ப்பாதையில் ஒழுங்காக ஓடுகிறது. வளைவுக்கு வந்ததும் எஞ்சினுக்கு அடுத்த பெட்டி உள்பக்கம் சரிகிறது. அவன்ரை அம்மம்மா, அதாவது என் அம்மா, நாவூறு என்று மிளகாய் சுற்றிப் போட்டாயிற்று.

வேகம்தான் காரணமென்றால் பெட்டி வெளிப்பக்கம் விழ வேண்டும், பஸ் திரும்பும்போது நாங்கள் சாய்கிற மாதிரி. இது உள்ளே விழுகிறது என்றால் குற்றவாளி இழுவை.

சட்டையைப் பிடித்துக்கொண்டு கோச்சி விளையாடியவர்களுக்கு இது தெரியும். முன்னால் ஒரு தடியன் இழுக்க, பின்னால் நாலு பேர் இழுபட்டு வர, மூலை திரும்பும்போது நடுவில் இருக்கும் சின்னவன்தான் உள்பக்கம் போய் விழுவான். பாயில் நூலை வளைத்துப் போட்டு இரண்டு முனையையும் இழுங்கள், நூல் நேராகப் பார்க்கும், அதற்கு வளைவின் உள்பக்கம்தான் வழி. ரயிலும் அப்படித்தான். பெட்டியின் முன்கொக்கியும் பின்கொக்கியும் ஒரே கோட்டில் இழுப்பதில்லை, இரண்டும் கொஞ்சம் உள்ளே சாய்ந்து இழுக்கின்றன. எவ்வளவு என்று கேட்டால், பெட்டியின் நீளத்தை வளைவின் ஆரையால் வகுத்தால் போதும்: 15 சென்ரிமீற்றர் பெட்டி, 45 சென்ரிமீற்றர் ஆரை, ஆக இழுவையில் மூன்றில் ஒரு பங்கு பெட்டியைப் பக்கவாட்டில் இழுக்கிறது! எஞ்சின் வெடுக்கென்று கிளம்பினால் இன்னும் மோசம். பெட்டியைத் தண்டவாளத்தில் பிடித்து வைப்பது அதன் பாரம் ஒன்றுதான். எஞ்சினுக்குப் பக்கத்தில் இழுவை உச்சம், ஏனென்றால் பின்னால் வரும் அத்தனை பெட்டியின் சுமையும் அந்தக் கொக்கியில்தான் தொங்குகிறது. அந்த இடத்தில் போய் ஆக லேசான பெட்டியைக் கோத்திருக்கிறான் பொடியன்.

சமையலறைத் தராசில் வைக்கச் சொன்னேன். 46 கிராம். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில்பாதைச் சங்கம் இந்த அளவு ரயிலுக்குச் சொல்லும் கணக்கு, ஒரு பெட்டிக்கு 1 அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 15 சென்ரிமீற்றர் என்றால் 6 அங்குலம், அதற்கு 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம். எனக்குப் பிடித்த இடம் இதுதான்: நீளம் 87 மடங்கு சுருங்கினால் பாரம் 87ஐ மூன்று தரம் பெருக்கிய அளவுக்குச் சுருங்கும், ஆறரை லட்சத்துக்கு மேல். 80 தொன் நிஜப் பெட்டியை அதால் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 121 கிராம். சங்கம் சொல்லும் 113 கிராம், சுமை ஏற்றிய நிஜப் பெட்டியைச் சுருக்கிய பாரத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

67 கிராம் குறைகிறது. முல்லைத்தீவுப் பக்கம் வீச்சு வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு இதற்கு அளவெடுத்த மாதிரி, ஆனால் ஈயம் நஞ்சு, சின்னப்பிள்ளைகள் கையாளக் கூடாது. வெள்ளைப் பசையால் ஒட்டினால் காலப்போக்கில் ஈயம் அரித்துப் பொருமிப் பெட்டியையே வெடிக்க வைக்கும். அதனால் இரும்பு நட்டுத்தான். எங்கே வைப்பது? மாட்டு வண்டிலில் முன்பாரம் பின்பாரம் பார்த்து ஏற்றுகிற ஆட்களிடம் கேட்டால் சொல்வார்கள். இரண்டு சக்கரத் தொகுதிக்கும் சமமாகப் பிரித்து, அடித்தட்டோடு ஒட்டி, எவ்வளவு தாழ வைக்கலாமோ அவ்வளவு தாழ. கூரையில் ஒட்டினால் பாரம் கூடியும் பெட்டி இலகுவாகக் கவிழும்.

1990இல் நின்ற ரயில் 2013இல்தான் மாங்குளம் தாண்டிக் கிளிநொச்சிக்குத் திரும்ப வந்தது. பெட்டியைக் கவிழ்க்கிற இந்தச் சுழற்றும் வலுவுக்குப் பாடப்புத்தகத்தில் திருப்புதிறன் என்று பெயர். நான் அதைப் படித்தது ரயில் இல்லாத ஊரில், கரும்பலகையில் கீறிய அம்புக்குறியில். இப்போதும் பல பள்ளிக்கூடங்களில் ஆய்வுகூட அலுமாரி பூட்டியபடிதான் கிடக்கிறது, உள்ளே இருப்பது உடைந்துவிடுமாம். ஒரு ரயிலும் பத்து நட்டும் வாங்கிக் கொடுத்தால் ஒரு தவணைப் பாடம் நடத்தலாம்.

நட்டு ஒட்டிய பெட்டி இப்போது விழுவதில்லை. அந்தக் குஷியில் எல்லாப் பெட்டிக்கும் அள்ளி ஒட்டிவிட்டான், ஐந்து கொப்பி அடுக்கிய மேட்டில் எஞ்சின் சக்கரம் சும்மா சுற்றுகிறது, இரண்டு கொப்பியை எடுத்த பிறகுதான் ஏறியதாம்.